எட்டுப் பேர் மேஜையும் என் இடது கையும்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவள் வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர், "இத எழுதினது நீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்பதற்கே கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்கிறவள் நான். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

வாசலில் கார் வந்து நிற்கிறது. என் மகளைப் பெண் கேட்டிருக்கும் ஆரணிக்காரர்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றுகிறார்கள். என் வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று கும்பிடுகிறார். வீட்டு அம்மாள் என்ன செய்ய வேண்டும்? ஓடிப்போய் வரவேற்க வேண்டும். சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

நான் டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் வாழையிலை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாங்க" என்று தலையை மட்டும் ஆட்டுகிறேன். என் இடது கை மேஜைக்கு அடியில் இருக்கிறது. அதை எடுத்தால் மேஜை இரண்டாகப் போய்விடும்.

எப்படி அந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

சூடான ரசம்

மேஜை ஆசை என் மகள் ரேவதியின் செல்போனிலிருந்து வந்தது. ஒரு விளம்பரம். மெலிசான மேஜை. நாலு பேர் உட்காரலாம். இழுத்தால் உள்ளேயிருந்து இன்னொரு பலகை எழுந்து வந்து எட்டுப் பேர் மேஜையாகிவிடும். அதைச் சுற்றி ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு மேஜை அப்புறம்தான் கண்ணில் பட்டது. முதலில் பட்டது, அந்த வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தது.

"அந்தம்மா உக்காந்துக்கினு இருக்குதே, அப்ப யாரு பரிமாறுறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. எல்லாம் நடுவுல வெச்சிருக்குது பாரு. அவங்கவங்களே எடுத்துப் போட்டுக்குவாங்க."

நான் அந்தப் படத்தை இரண்டு முறை வாங்கிப் பார்த்தேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னால் கூடத்தில் தறி. அதைத் தாண்டி நீளமாக ஓர் அறை. அதற்கும் பின்னால் சமையல்கட்டு. கருட சேவை நாளில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் அந்த அறையில் பந்தி மேல் பந்தியாக இலை விழும். குனிந்து குனிந்து பரிமாறிவிட்டு நான் சாப்பிட உட்காரும்போது அப்பளம் துணியாகியிருக்கும். ரசம் பச்சைத் தண்ணீராகியிருக்கும். திருவிழா இல்லாத நாளிலும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் குறைவு. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சூடான ரசம் குடித்தது காய்ச்சல் வந்த நாட்களில்தான்.

இதற்காக யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஒருமுறை, எல்லாரோடும் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சம். ஆகவே, "முட்டி வலிக்குது, மேஜை வாங்கலாம்" என்று சொன்னேன். முட்டி வலித்ததும் உண்மைதான்.

கொளுத்திப் பார்த்தார்கள்

மேஜை வந்த அன்று என் கொழுந்தனார் குமரேசன் வந்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் ஜரிகைக் கடையில் வேலை செய்கிறவர். எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டார்.

"இன்னா அண்ணி, அப்பளம் மாதிரி இருக்குது! இதும் மேலயா எட்டு பேரு சோறு திங்கறது?"

"கல்லாம்பா. சூளையில சுட்ட கல்லாம். கத்தி வெச்சி கீறினாக்கூட கோடு விழாதுன்னு கடைக்காரர் சொன்னாரு."

"கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நானும் கடையிலதான இருக்கறேன்?"

என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து கால்களைப் பார்த்தார். கறுப்பு இரும்புக் கால், கொக்குக் கால் மாதிரி.

"இது நிக்குதா, நின்னுக்கினே தூங்குதா?"

"எதுவா இருந்தாலும் கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார் குமரேசன்.

எங்கள் ஊரில் பட்டு அசலா என்று பார்க்க ஓர் இழையை உருவிக் கொளுத்துவார்கள். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் வாசனை வந்தால் கலப்படம். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவர்களுக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். தடுப்பதற்குள் அவர் தீக்குச்சியைக் கிழித்து மேஜை விளிம்புக்கு அடியில் காட்டிவிட்டார்.

மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. குச்சி எரிந்து முடிந்து அவர் விரலைச் சுட்டது. அவர் விரலை உதறிவிட்டு, விளிம்பில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார்.

"முடி நாத்தமும் வரல. பிளாஸ்டிக் நாத்தமும் வரல. அப்ப இது இன்னாதான்?"

"பட்டு இல்ல சித்தப்பா. அது மட்டும் உறுதி" என்றாள் ரேவதி.

கை நனைக்கும் நாள்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். முதல் சாப்பாட்டுக்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

அதில் இன்னொன்றும் உண்டு. இலை போட்ட பிறகு யாரும் பாதியில் எழக்கூடாது. என் பெரியப்பா மகள் வீட்டில் கை நனைத்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் விக்கல் தாங்காமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் பால் திரிந்தால்கூட அந்த விக்கலைத்தான் சொல்கிறார்கள்.

ரேவதிக்கு ஆரணி மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் எடுப்பதற்கு முன்னால் தலையைச் சரிசெய்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேராகக் கை நனைக்க வருகிறோம் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு ஒரே கணக்குதான் ஓடியது. அவர்கள் ஆறு. என் வீட்டுக்காரர் ஏழு. எட்டாவது நாற்காலி?

அன்று ராத்திரி துணிந்து சொன்னேன். "ஞாயித்துக்கெழம நானும் கூட உக்காந்துக்கறேங்க."

"உக்காரேன். யாரு வேணாங்கறாங்க?"

"அப்ப பரிமாறுறது?"

"நீதான்."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதில் ஒரு முரண்பாடும் அவருக்குத் தெரியவில்லை. ரேவதிதான் போனைக் காட்டி, எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டால் போதும் என்று விளக்கினாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவங்க இன்னா இலையே போடல?" என்றார்.

பாவு இழுத்த மாதிரி

அறை குறுகல் என்பதால் அதுவரை மேஜையை நாலு பேர் அளவிலேயே வைத்திருந்தோம். இழுத்துப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்து கோயில் இட்லியும் வெந்து இறக்கிய பிறகு, அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு முனையில் நின்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு போடுவார்கள். புடவைக்கான நீள நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுத்துப் பிடிப்பார்கள். காலை ஊன்றி இழுக்க வேண்டும். விறைப்பு வந்த பிறகு ஒருவரும் தளர விடக்கூடாது. விட்டால் நூல் சிக்கிக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு. என் வீட்டுக்காரரும் குமரேசனும் மீசை முளைக்கும் முன்பே பாவு இழுத்தவர்கள். ஒரு பொருளின் இரண்டு முனையில் அவர்களை நிறுத்தினால் வேறு என்ன செய்வார்கள்?

"சித்தப்பா, மெதுவா! அடியில கொக்கி இருக்குது. அத அமுக்கிட்டு ஒரு கையால இழுத்தாலே வந்துடும்" என்றாள் ரேவதி.

"பாவு இழுக்கறவனுக்கு இழுக்கச் சொல்லித் தராதம்மா. அண்ணே, ரெடியா?"

"ம். இழு!"

மேஜை அழகாக விரிந்தது. நடுப்பலகை பூ மாதிரி எழுந்து உட்கார்ந்தது. டக் என்று ஒரு சத்தம் வந்தது. போதும் என்று மேஜை சொன்னது அதுதான். ஆனால் அவர்கள் கைக்கு இன்னும் விறைப்பு வரவில்லை.

"தளர விடாத!"

"நான் விடல, நீ விடாத!"

"இன்னும் வருது அண்ணே, இழு!"

அப்புறம் கடைக்காரர் சொல்லியே இராத ஒரு சத்தம் வந்தது. டொய்ங்.

இருவரும் அப்போதும் விடவில்லை. கால் ஊன்றியபடி, கழுத்து நரம்பு புடைக்க, பாதிப் பாதி மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுப்பலகை மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

"தள்ளுங்க! உள்ள தள்ளுங்க!" என்று ரேவதி கத்தினாள்.

தள்ளினால் ஓரளவு சேர்ந்தது. கையை எடுத்தால் மறுபடி விலகியது. மடித்து நாலு பேர் மேஜையாக்கலாம் என்றால் நடுப்பலகை சிக்கிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. தரையில் இலை போடலாம் என்றால் இருந்த இடத்தையெல்லாம் மேஜை பிடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தறியிலிருந்து பட்டு நூல் கொண்டுவந்து இரண்டு பக்கத்துக் கால்களையும் சேர்த்துக் கட்டினார். அவர் போட்ட முடிச்சு அவிழவே அவிழாது. அவிழவும் இல்லை. முடிச்சோடு சேர்ந்து நூல் அந்த வழவழப்பான காலில் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

ரேவதி மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தாள். "ரெண்டு பக்கமும் கொக்கி தொங்குது. ஒரு பக்கத்தையாவது யாராச்சும் புடிச்சிக்கினே இருந்தா நிக்கும்."

யார்? என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போக வேண்டும். ரேவதி கல்யாணப் பெண். குமரேசன் கையை விட்டுப் பார்த்தார். மேஜை மெலிசு என்று சொன்னேன் அல்லவா, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த சந்தும் மெலிசு. சுட்டுக்கொண்ட விரல் வேறு. "ஆ!" என்று எடுத்துவிட்டார்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமான கை. சுவரோரம் நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். கை உள்ளே போனது. விரலால் கொக்கியைத் தூக்கிப் பிடித்தேன். மேஜை நின்றது.

எங்கள் வீட்டு வழக்கம்

சம்பந்தி அம்மா அறைக்குள் வந்து என்னைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க... உக்காந்தாச்சா?"

குமரேசன் சட்டென்று முன்னால் வந்தார்.

"அது எங்க வீட்டு வழக்கம்மா. விசேஷம்னா அண்ணி மொதல்ல உக்காரணும். அப்புறந்தான் மத்தவங்க. நாங்க ஆம்பளைங்கதான் பரிமாறுவோம்."

என் வீட்டுக்காரர் தன் தம்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவு நடுவில் மாடு புகுந்தால்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

"பரவால்லியே" என்றார் சம்பந்தி அம்மா. அது மெச்சியதா, நொடித்ததா என்று தெரியவில்லை. ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். சம்பந்தி ஐயா எனக்கு நேர் எதிரில். எட்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் உட்கார முடியாதே, அவர்தான் வழக்கத்தில் மாட்டிக்கொண்டாரே.

அவர் ஜென்மத்தில் பரிமாறியதில்லை. நடுப்பலகையில் பாத்திரம் வைக்கவும் பயம். ஆகவே ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டே அலைந்தார். எல்லா இலையிலும் உப்பு வைத்தார். மறந்துவிட்டு மறுபடியும் உப்பு வைத்தார்.

"சாரதா, இதுல கூட்டு எது, பொரியல் எது?"

நான் கண்ணால் காட்டினேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கரண்டியைச் சாய்த்ததில் கூட்டு மாப்பிள்ளையின் சட்டைப் பையில் விழுந்தது. மாப்பிள்ளை, "பரவால்ல மாமா" என்றார். ரேவதி சமையல்கட்டு வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குமரேசனோ வேகம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, வேண்டாம் என்று கை காட்டியவர்களுக்கும் கைமேலேயே ஊற்றிக்கொண்டு போனார்.

ரசம்

அப்புறம் ரசம் வந்தது. ஆவி பறந்தது. என் வீட்டுக்காரர் முதலில் எனக்கு ஊற்றினார். வழக்கம் என்று சொல்லியாகிவிட்டதே. மிளகு, சீரகம், பெருங்காய வாசனை முகத்தில் அடித்தது. நான் வைத்த ரசம்தான். அதன் வாசனை இலையில் சூடாக இருக்கும்போது இப்படி இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

விரல் மரத்துப்போயிருந்தது. மூக்கு அரித்தது. ஒரு கை கொக்கியில், இன்னொரு கை சோற்றில். கொக்கியைப் பிடித்த விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் நடுப்பலகை இறங்கும். அப்படி இறங்கியபோதெல்லாம் பக்கத்து இலைகளின் ரசம் என்னை நோக்கி ஓடிவந்தது. இறுக்கிப் பிடித்தால் திரும்பிப் போனது. சம்பந்தி அம்மா தன் இலையிலிருந்து ரசம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் மோர் என்று நினைத்துச் சம்பந்தி அம்மாவின் ரசம் சோற்றில் பால் பாயசத்தை ஊற்றினார். அந்த அம்மா ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று, கண்ணை மூடித் திறந்து, "நல்லா இருக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். தோள் குலுங்கியது. விரல் வழுக்கியது.

மேஜை விலகியது. சம்பந்தி ஐயாவின் இலை நடுவில் கிழிந்து, ரசம் நேராக அவர் வேட்டிக்கு இறங்கியது. அவர் குனிந்து அடியில் பார்த்தார். இருட்டில் என் கை கொக்கியைத் தேடி அலைவதைப் பார்த்திருப்பார். நிமிர்ந்தார். நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

எழுந்துவிடப் போகிறார். ரேவதியின் மூச்சு நின்றது எனக்கே கேட்டது.

"எழுந்திரிக்காதீங்க!" என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமரேசன் வாளியோடு நின்றுவிட்டார்.

"நான் எங்கம்மா எழுந்தேன்? வேட்டிய ஒதுக்கினேன்" என்றார் அவர். மறுபடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய இடது கை மேஜைக்கு அடியில் போனது. அவரும் ஒல்லி ஆள்தான். அவர் பக்கத்துக் கொக்கி ஏறும் சத்தம் கேட்டது. பலகை சமமாயிற்று.

"நீ சாப்புடும்மா. ரசம் ஆறிடப் போவுது" என்றார் மெதுவாக.

நான் கையை வெளியே எடுத்து, விரலை உதறி, சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் ரசம் வாங்கினேன். ரசம் இன்னும் சூடாகவே இருந்தது.

பாயசம் குடித்து முடித்ததும் சம்பந்தி அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? பொம்பளைய உக்கார வெச்சி, ஆம்பளைங்க எப்படி ஓடி ஓடி கவனிக்கிறாங்க! நம்ம வீட்டுலயும் இனிமே இதான். வர்ற பொண்ணும் இப்படிப் பழகினவ. அவள நிக்க வெச்சிட்டு நாம திங்கறதா?"

சம்பந்தி ஐயாவுக்கு உண்மை தெரியும். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் தப்பித்திருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற ரேவதியைப் பார்த்தார். இடது கையை வெளியே எடுக்காமலே, "சரி, வெச்சிக்கலாம்" என்றார்.

"அது இன்னா ஒரு கைய ஒளிச்சி வெச்சிக்கினு சாப்புடறது?" என்றார் அந்த அம்மா.

மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுந்தார்கள். கை கழுவப் போனார்கள். சம்பந்தி ஐயாவும் நானும் மட்டும் எழவில்லை. கடைசி ஆள் வெளியே போனதும் அவர், "விடலாமா?" என்று கேட்டார். "விடலாம்" என்றேன். அவர் கையை எடுத்தார்.

முற்றத்திலிருந்து சம்பந்தி அம்மாவின் குரல் கேட்டது. "உள்ள இன்னா சத்தம்?"

"மேஜைய மடிக்கிறாங்க" என்றார் சம்பந்தி ஐயா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்தார். கொக்கி உடைந்துவிட்டது என்று உங்கள் வீட்டு ஐயா போன் செய்தார், மாற்ற வந்திருக்கிறேன் என்றார். மேஜையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.